டாக்டவுன்: எழுபதுகளின் ஸ்கேட்போர்டும் ராக் இசையும்

1970களின் ஸ்கேட்போர்டு பண்பாடு தெற்குக் கலிஃபோர்னியாவின் கடற்கரை ஊர்களில் பிறந்தது. சாண்டா மோனிகாவின் தென்பகுதியும் அதை ஒட்டிய வெனிஸ் கடற்கரையும் அதன் மையம். அங்கு வளர்ந்த இளைஞர்கள் தங்கள் வட்டாரத்துக்கு ‘டாக்டவுன்’ என்று பெயர் சூட்டிக்கொண்டார்கள். ஏறத்தாழ 1973இல் தொடங்கி 1980இல் அடங்கிய அந்தக் காலம் ஏழெட்டு ஆண்டுகளே நீடித்தது. என்றாலும், சறுக்குபவர் உடலை வளைக்கும் விதம், அணியும் காலணி, சறுக்கும் களத்தின் வடிவம் என எல்லாவற்றிலும் அதன் தடம் இன்றும் பதிந்திருக்கிறது. அக்காலத்தை ஏக்கத்தோடு நினைப்பவர்கள் லெட் ஸெப்பலின், ஜிமி ஹென்ட்ரிக்ஸ், பிளாக் சாபத் ஆகியோரின் இசையோடு சேர்த்தே அதை நினைக்கிறார்கள்.

ஸ்கேட்போர்டு அதற்கு முன்பே ஒருமுறை பரவி மறைந்திருந்தது. அலை இல்லாத நாட்களில் தரையில் சறுக்கிப் பார்க்க விரும்பிய கலிஃபோர்னிய அலைச்சறுக்கு வீரர்கள், ரோலர் ஸ்கேட்டின் சக்கரங்களைப் பலகையில் அறைந்து ஓட்டினார்கள். 1963 முதல் 1965 வரை இது நாடு தழுவிய மோகமாக இருந்தது. 1965இல் ‘லைஃப்’ இதழின் அட்டையில், ஓடும் பலகையின்மேல் தலைகீழாக நின்ற பாட்டி மெக்கீ என்ற இளம்பெண்ணின் படம் வந்தது. ஆனால் அன்றைய சக்கரங்கள் களிமண் கலவையால் ஆனவை. அவை தரையைப் பற்றவில்லை. சிறு கல் தட்டினாலே நின்று, ஓட்டுபவரைத் தூக்கி எறிந்தன. விபத்துகள் பெருகியதும் பல நகரங்கள் தடை விதித்தன. ஓரிரு ஆண்டுகளில் விற்பனையும் படுத்துவிட்டது.

விளையாட்டுக்கு மறுபிறவி தந்தது சக்கரம்தான். வர்ஜீனியாவைச் சேர்ந்த ஃபிராங்க் நாஸ்வொர்தி, அங்கிருந்த ஒரு பிளாஸ்டிக் தொழிற்சாலையில் ரோலர் ஸ்கேட்டுகளுக்காக வார்க்கப்பட்ட யூரித்தேன் சக்கரங்களைக் கண்டார். அவற்றைத் தம் பலகையில் பொருத்திப் பார்த்தபோது ஓட்டம் மெத்தென்று இருந்தது. திருப்பங்களில் சக்கரம் வழுக்கவில்லை. கலிஃபோர்னியாவுக்குக் குடிபெயர்ந்த அவர், 1970களின் தொடக்கத்தில் ‘காடிலாக்’ என்ற பெயரில் அவற்றை விற்கத் தொடங்கினார். 1975இல் வந்த ‘ரோடு ரைடர்’ சக்கரங்களில் பேரிங்குகள் மூடப்பட்டிருந்ததால், குண்டுகள் உதிர்ந்து சாலையில் சிதறும் தொல்லையும் ஒழிந்தது. சக்கரங்களைத் தாங்கும் அச்சுகளும் ஸ்கேட்போர்டுக்கென்றே தனியாக வார்க்கப்பட்டன. சாய்ந்தால் திரும்பும், திரும்பினாலும் தரையை விடாத பலகை இப்படித்தான் அமைந்தது.

இந்தப் பலகையை டாக்டவுன் இளைஞர்கள் மற்றவர்களைவிட வேறுவிதமாகக் கையாண்டதற்கு அவர்கள் அலையேறிய இடம் ஒரு காரணம். பசிஃபிக் ஓஷன் பார்க் என்ற கடல்மேல் கட்டிய கேளிக்கைப் பூங்கா 1967இல் மூடப்பட்டு, இடிந்தும் எரிந்தும் கிடந்தது. உளுத்துப்போன அதன் தூண்களுக்கிடையே அலையேறுவது உயிரைப் பணயம் வைக்கும் வேலை. வெளியூர்க்காரர்களை அங்கே அண்டவிட மாட்டார்கள். அருகே மெயின் ஸ்ட்ரீட்டில் ஜெஃப் ஹோ, ஸ்கிப் எங்ப்ளாம், கிரெய்க் ஸ்டெசிக் மூவரும் நடத்திய ஸெஃபிர் அலைப்பலகைக் கடைதான் அந்தப் பிள்ளைகளுக்குப் புகலிடம். அவர்களில் பலர் வசதியற்ற, சிதைந்த குடும்பங்களிலிருந்து வந்தவர்கள். 1975இல் அந்தக் கடை ஒரு ஸ்கேட்போர்டு அணியைத் திரட்டியது. டோனி ஆல்வா, ஜே ஆடம்ஸ், ஸ்டேசி பெரால்ட்டா ஆகியோர் இருந்த அந்த அணியில் ஒரே பெண் பெக்கி ஓகி.

அவர்கள் முன்மாதிரியாகக் கொண்டவர் ஹவாய் அலைச்சறுக்கு வீரர் லாரி பெர்ட்டில்மன். முழங்காலை ஆழ மடக்கி, ஒரு கையால் அலையின் சுவரைத் தொட்டபடி சட்டென்று திரும்புவது அவர் பாணி. மலைச்சரிவுகளில் கட்டப்பட்ட பால் ரிவியர், கென்டர் கேன்யன் போன்ற பள்ளிகளின் விளையாட்டுத் திடல் ஓரங்களில் தார் பூசிய சாய்தளங்கள் இருந்தன. அந்தச் சாய்தளங்களையே அலைகளாகக் கொண்டு பெர்ட்டில்மன் பாணியைத் தரைக்குக் கொண்டுவந்தார்கள். 1975 ஏப்ரலில் டெல்மார் நகரில் நடந்த தேசியப் போட்டியில் மற்ற போட்டியாளர்கள் நிமிர்ந்து நின்று சுழன்றும் தலைகீழாக நின்றும் காட்டினார்கள். ஸெஃபிர் அணியினர் தரையோடு தரையாகக் குனிந்து, கையை ஊன்றித் திரும்பினார்கள். நடுவர்களுக்கு இதற்கு எப்படி மதிப்பெண் போடுவது என்றே புரியவில்லை. பெண்கள் பிரிவில் பெக்கி ஓகி முதலிடம் பெற்றார்.

1976-77இல் கலிஃபோர்னியாவைக் கடும் வறட்சி தாக்கியது. தண்ணீர்க் கட்டுப்பாட்டால் வீடுகளின் நீச்சல்குளங்கள் வற்றிக் கிடந்தன. அப்பகுதிக் குளங்கள் பல சிறுநீரக வடிவில், மூலையே இல்லாமல் கட்டப்பட்டவை. தரை மெல்ல வளைந்து சுவராக எழும். சுவர் செங்குத்தாகும் இடத்தில் ஓடு பதித்த பட்டை. அதற்குமேல் வெளியே துருத்தி நிற்கும் விளிம்புக்கல். ஆளில்லாத வீடுகளைத் தேடிப் பிடித்து, வேலி தாண்டிக் குதித்து, எஞ்சியிருந்த அழுக்குநீரைப் பம்பு வைத்தும் வாளியால் அள்ளியும் வெளியேற்றி, துடைத்துக் காயவைத்தார்கள். சக்கரம் ஓட்டில் ஏறியதும் கடகடவென்று சத்தம் எழும். விளிம்புக்கல்லில் அச்சு உரசினால் கிரீச்சிடும். அக்கம்பக்கத்தார் காவலரை அழைப்பதற்குள் எவ்வளவு உயரம் ஏற முடியுமோ அவ்வளவும் ஏறிப் பார்த்துவிட வேண்டும். 1977இல் சாண்டா மோனிகாவில், கடும் நோயுற்ற மகனின் ஆசைக்காக ஒரு தந்தை தம் வீட்டுக் குளத்தையே காலிசெய்து இவர்களுக்குத் திறந்துவிட்டார். ‘டாக் போல்’ எனப்பட்ட அந்தக் குளத்தில் விரட்டுவோர் இல்லை. விளிம்பைத் தாண்டி அந்தரத்தில் எழுந்து, பலகையைக் கையால் பற்றித் திரும்பி, மீண்டும் சுவரில் இறங்கும் வித்தை அங்கேதான் உருப்பெற்றது. அதை முதலில் செய்தவராகப் பெரும்பாலும் டோனி ஆல்வாவின் பெயர் சொல்லப்படுகிறது.

இத்தனைக்கும் பின்னணியாக ராக் இசை ஒலித்துக்கொண்டிருந்தது. 1960களின் பிற்பகுதியில், ஏஎம் நிகழ்ச்சிகளை எஃப்எம் அலைவரிசையிலும் அப்படியே ஒலிபரப்புவதை அமெரிக்க அரசு கட்டுப்படுத்தியது. அதனால் எஃப்எம் நிலையங்கள் புதிய நிகழ்ச்சிகளைத் தேடின. நீண்ட ராக் பாடல்களுக்கும் முழு இசைத்தட்டுகளுக்கும் இடம் கிடைத்தது. லாஸ் ஏஞ்சலஸில் கேஎம்ஈடி நிலையம் அப்படிப் புகழ்பெற்றது. டேவிட் போவி 1972இல் சாண்டா மோனிகா சிவிக் அரங்கில் பாடியதை அந்நிலையம்தான் ஒலிபரப்பியது. அந்த அரங்கும் ஸெஃபிர் கடை இருந்த அதே மெயின் ஸ்ட்ரீட்டில்தான் நிற்கிறது. 1977 ஜூனில் லெட் ஸெப்பலின் இங்கில்வுட் நகரின் ஃபோரம் அரங்கில் ஆறு இரவுகள் வாசித்தது. வானொலியிலும் கார்களின் எட்டுத்தட நாடாக்களிலும் ஒலித்த இந்த இசைக்கும் குளத்துச் சறுக்கலுக்கும் ஓர் ஒற்றுமை உண்டு. கித்தார் கலைஞர் ஒரு சுரவரிசையைத் திரும்பத் திரும்ப வாசித்து, அதிலிருந்து கிளைத்துத் தனி ஆவர்த்தனத்தில் உச்சம் தொடுவார். சறுக்குபவரும் அதே சுவர்களில் மாறி மாறி ஏறி வேகம் திரட்டி, ஒரு சுற்றில் விளிம்புக்கு மேலே எழுவார்.

இந்தப் பாணியைக் கடற்கரைக்கு வெளியே கொண்டுபோனது 1975இல் மீண்டும் வெளிவந்த ‘ஸ்கேட்போர்டர்’ இதழ். ஸ்டெசிக்கின் கட்டுரைகளும் படங்களும், அப்போது பள்ளி மாணவராக இருந்த க்ளென் ஃப்ரீட்மனின் படங்களும் அதில் வந்தன. பெயர் பரவியதும் பணம் வந்தது. 1976இல் ஸெஃபிர் கடை மூடப்பட்டது. அணி கலைந்து ஒவ்வொருவரும் தனித்தனி நிறுவனங்களோடு சேர்ந்தார்கள். ஆல்வா தம் பெயரிலேயே நிறுவனம் தொடங்கினார். வேன்ஸ் நிறுவனம் ஆல்வா, பெரால்ட்டா இருவரின் யோசனையோடு, கணுக்கால் பகுதியில் மெத்தை வைத்த காலணியை 1976இல் வெளியிட்டது. அதே ஆண்டு கார்ல்ஸ்பாட் நகரில் கான்கிரீட் ஸ்கேட் பூங்கா திறக்கப்பட்டது. தொடர்ந்து நாடெங்கும் பூங்காக்கள் எழுந்தன. ஃப்ளோரிடாவில் ஆலன் கெல்ஃபாண்ட், கையால் தொடாமலே பலகையோடு மேலெழும் ‘ஆலி’ முறையைக் கண்டறிந்தார்.

வீழ்ச்சியும் விரைவாகவே வந்தது. விபத்து இழப்பீட்டுக் காப்பீட்டுக்கான கட்டணம் ஏறிக்கொண்டே போனதால், 1970களின் இறுதியிலிருந்து பூங்காக்கள் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டன. 1980இல் ‘ஸ்கேட்போர்டர்’ இதழ் பெயர் மாறிப் பிற விளையாட்டுகளையும் சேர்த்துக்கொண்டது. எஞ்சிய இளைஞர்கள் வீட்டுப் பின்கட்டுகளில் மரத்தாலான சரிவுகளைக் கட்டிக்கொண்டார்கள். அவர்களின் இசையும் பங்க் பக்கம் திரும்பியது. ஸெஃபிர் அணியில் இருந்த ஜிம் மியூரின் தம்பி மைக் மியூர், வெனிஸில் சூயிசைடல் டெண்டன்சீஸ் என்ற குழுவைத் தொடங்கினார்.

அந்த ஆண்டுகளின் மீதான ஏக்கத்துக்குப் பொதுவான உருவம் தந்தது, பெரால்ட்டாவே இயக்கி 2001இல் வெளியான ‘டாக்டவுன் அண்ட் ஸீ-பாய்ஸ்’ ஆவணப்படம். பழைய படச்சுருள்களின்மேல் அக்கால ராக் பாடல்களை ஏற்றி, நடுவயதை எட்டிய நண்பர்களைப் பேசவைத்த அந்தப் படம் சன்டான்ஸ் விழாவில் விருது பெற்றது. 2005இல் அதே கதை ‘லார்ட்ஸ் ஆஃப் டாக்டவுன்’ என்ற திரைப்படமானது. அந்தக் காலத்தை வாழாத தலைமுறையும் குளத்தையும் கித்தாரையும் ஒன்றாகவே நினைப்பதற்கு இந்தப் படங்கள் பெரிதும் காரணம். அணியில் இருந்தவரே சொன்ன வரலாறு என்பதால் அதற்கு நெருக்கமும் உண்மையும் உண்டு. அதே காரணத்தால் சான் டியேகோ, ஃப்ளோரிடா முதலிய இடங்களின் பங்கு அதில் சுருங்கிவிடுகிறது. டாக்டவுன் இளைஞர்கள் சறுக்கும் இடம் எதையும் விலைகொடுத்து வாங்கவில்லை. வறண்ட குளத்தையும் பள்ளிச் சரிவையும் இடிந்த கடற்பாலத்தையும் தங்களுக்கான களங்களாக மாற்றிக்கொண்டார்கள். 2021இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் ஸ்கேட்போர்டு முதன்முதலாகச் சேர்க்கப்பட்டபோது, அதன் இரு பிரிவுகளில் ஒன்றான ‘பார்க்’ போட்டி நடந்தது, அந்தக் குளங்களின் வளைவுகளைப் பின்பற்றிக் கட்டப்பட்ட கான்கிரீட் கிண்ணத்தில்தான்.