கடலடிச் சேறு கல்லான கதை



கோலசிலாங்கூர் பக்கம் செம்பனைக் காட்டில் கான் வெட்டியவர்களுக்குத் தெரியும். மண்வெட்டியை ஆழமாகப் போட்டால் சாம்பல் நிறச் சேறு வரும். சில இடங்களில் சிப்பியும் வரும். "சார், கடல் அங்கே இருக்கு, சிப்பி எப்படி இங்கே வந்துச்சு?" என்று பிள்ளைகள் கேட்பதுண்டு. சுமார் 5,000 ஆண்டுகளுக்கு முன் கடல் மட்டம் இன்றையதைவிடச் சில மீட்டர் உயரமாக இருந்தது. நாம் நிற்கும் தரை அன்று கடற்சேறு. அது இன்னும் இளஞ்சேறுதான், கல்லாகவில்லை. கல்லான சேற்றைப் பார்க்க அந்தமானுக்குப் போக வேண்டும்.

நம் பெரியவர்கள் பலர் நாகப்பட்டினத்தில் 'ரஜூலா' கப்பல் ஏறிப் பினாங்குக்கு வந்தவர்கள். 1926 முதல் 1973 வரை ஓடிய கப்பல் அது. அவர்கள் கடந்து வந்த வங்கக் கடலின் கிழக்கு ஓரத்தில்தான் அந்தமான் தீவுகள் வரிசையாக நிற்கின்றன. அங்கே, 2024-இல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றப்பட்ட போர்ட் பிளேர் நகருக்கு அருகில், கார்பின்ஸ் கோவ் என்றொரு கடற்கரை உண்டு. அதன் ஓரத்துப் பாறைகளைப் பாருங்கள்: ஓர் அடுக்கு மணற்கல், ஓர் அடுக்கு களிக்கல், மறுபடி மணற்கல். அலமாரியில் சாய்ந்து கிடக்கும் புத்தகங்களைப் போல இருக்கும். வயது ஏறத்தாழ 3 கோடி ஆண்டுகள். இவை ஆழ்கடலின் அடியில் படிந்தவை என்கிறார்கள் நிலவியலார்.

களி சரி. கரையில் கிடக்க வேண்டிய மணல் ஆழ்கடலுக்கு எப்படிப் போயிற்று?

இதற்கு விடை கிடைத்த கதை சுவையானது. 1929 நவம்பர் 18-இல் கனடாவின் நியூஃபவுண்ட்லாந்துக்கு அப்பால் கடலில் நிலநடுக்கம் ஏற்பட்டது. கடலடியில் கிடந்த தந்திக் கம்பிகளில் 12 அறுந்தன. அருகில் இருந்தவை உடனே அறுந்தன. தூரத்தில், ஆழத்தில் இருந்தவை பல மணி நேரம் கழித்து, ஒன்றன்பின் ஒன்றாக அறுந்தன! 1952-இல் ஹீசன், யூவிங் என்ற இரு அமெரிக்க அறிஞர்கள் காரணத்தைச் சொன்னார்கள். சரிவில் கிடந்த மணலும் சேறும் சரிந்து, நீரோடு கலந்து, வெள்ளம்போல் கடலடியில் பாய்ந்து கம்பிகளை அறுத்திருக்கிறது.

வீட்டிலேயே செய்து பார்க்கலாம். ஹார்லிக்ஸ் போத்தலில் மணல், களிமண், தண்ணீர் போட்டுக் குலுக்கி வையுங்கள். முதலில் மணல் அடியில் நிற்கும். களி மெதுவாக மேலே படியும். ஒரு சரிவுக்கு ஓர் அடுக்கு. இப்படிப் பல சரிவுகள், மேலே மேலே பாரம். அந்தப் பாரத்தில் நீர் வெளியேறிச் சேறு கல்லாயிற்று. அம்மாக்கள் கோபித்தால் வாத்தியார் சொன்னார் என்று சொல்லிவிடுங்கள்.

சரி, அடியில் இருந்த கல் மேலே வந்தது எப்படி? இந்தியாவைச் சுமக்கும் நிலத்தட்டு அந்தமானுக்கு அடியில் மெல்ல நுழைகிறது. மண்வெட்டி தள்ளும் சேறு மடிந்து எழும்புவதுபோல, கடலடிப் படிவுகள் மடிந்து, சாய்ந்து, தீவாக உயர்ந்தன.

அந்த நகர்வு இன்னும் நிற்கவில்லை. 2004 டிசம்பர் 26-இல் அதே எல்லையில் 9.1 அளவு நிலநடுக்கம் வந்தது. அன்றைய சுனாமியில் மலேசியாவில் 68 பேர் மாண்டனர். நம் பெரியவர்கள் கப்பல் ஏறிய நாகப்பட்டினத்தின் மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் மடிந்தனர். போர்ட் பிளேர் பக்கம் நிலம் சுமார் ஒரு மீட்டர் தாழ்ந்தது. வட அந்தமானிலோ கடலடி மேலே எழும்பியது. அதுவரை தண்ணீருக்குள் இருந்த பவளப் பாறைகள் வெளியே வந்து, வெயிலில் காய்ந்து வெளுத்துக் கிடந்தன.