இடம் மாறிய றோஸ் கிண்ண ஆட்டம்

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் உதைபந்தாட்டம் என்று வழங்கும் விளையாட்டு நாம் அறிந்த உதைபந்தாட்டமன்று. பக்கத்துக்குப் பதினொருவர் ஆடுவர். பந்து நீள்வட்ட வடிவினது. அதைக் கையிலேந்தி ஓடலாம், எறியலாம். றக்பி ஆட்டத்தைக் கண்டவர்களுக்கு அதன் சாயல் ஓரளவு புலப்படும். அந்நாட்டுக் கல்லூரி அணிகளின் ஆட்டங்களுள் நீண்ட பெருமை வாய்ந்தது, கலிபோர்ணியா மாநிலத்துப் பசடினா நகரில் புத்தாண்டையொட்டி நடைபெறும் றோஸ் கிண்ண ஆட்டம். 1942 ஆம் ஆண்டு மட்டும் அது பசடினாவை விட்டு நாட்டின் மறுகரைக்குச் செல்ல நேர்ந்தது. அவ்வாறு நேர்ந்த கதை, ஒரு தேசத்தை அச்சம் எவ்வாறு ஆட்கொள்ளும் என்பதற்கும் சான்றாகும்.

1941 ஆம் ஆண்டுப் பருவத்தை ஒரேகன் மாநிலக் கல்லூரி தோல்வியுடனேயே தொடங்கிற்று. முதலாட்டத்தில் தென் கலிபோர்ணியப் பல்கலைக்கழகம் 13க்கு 7 என்ற கணக்கில் அதனை வென்றது. பின்னர் வாஷிங்டன் மாநிலக் கல்லூரியிடமும் அது தோற்றது. எனினும் பயிற்றுநர் லொன் ஸ்டைனரின் மாணவர் மனந்தளரவில்லை. முந்திய பருவத்தில் றோஸ் கிண்ணத்தை வென்றிருந்த ஸ்டான்போர்ட் அணியை 10க்கு 0 என்று வீழ்த்தினர். நவம்பர் 29 ஆம் திகதி அயல் எதிரியான ஒரேகன் பல்கலைக்கழகத்தை 12க்கு 7 என்று வென்று, தம் வரலாற்றில் முதன்முறையாகப் பசடினா செல்லும் உரிமையைப் பெற்றனர். எதிர்த்தாட அழைக்கப்பட்டது, அப்பருவத்தில் ஒரு தோல்வியும் காணாத வட கரோலினா மாநிலத்து டியூக் பல்கலைக்கழகம்.

அந்த வெற்றிக்கு எட்டு நாட்களின் பின், டிசெம்பர் 7 ஆம் திகதி, யப்பானிய விமானங்கள் பேர்ள் துறைமுகத்தைத் தாக்கின. அடுத்த தாக்குதல் மேற்குக் கரையிலேயே விழும் என்ற பீதி எங்கும் பரவிற்று. பெருந்திரளான மக்கள் ஓரிடத்திற் கூடுவது ஆபத்து எனக் கருதிய மேற்குப் பிரதேசப் படைத் தளபதி ஜோன் டிவிற், ஆட்டத்தைக் கைவிடுமாறு கேட்டுக்கொண்டார். அவ்வேளை டியூக் பல்கலைக்கழகம் தன் சொந்த ஊரான டேர்ஹம் நகரில் ஆட்டத்தை நடத்த முன்வந்தது. அயற் கல்லூரிகளிலிருந்து இருக்கைகள் இரவலாக வந்தன. 56,000 பேர் அமர்வதற்கு ஒழுங்கு செய்யப்பட்டது. ஒரேகன் மாணவர் புகையிரதம் ஏறி, 2,000 மைலுக்கு மேற்பட்ட தூரத்தைக் கடந்தனர்.

ஆனால் அப்புகையிரதத்தில் ஒருவர் ஏறவில்லை. யப்பானிற் பிறந்து, மூன்று வயதில் அமெரிக்கா சென்று, அங்கேயே வளர்ந்த ஜாக் யொஷிஹாரா என்னும் வீரரே அவர். அரசாங்கப் புலனாய்வாளர் பயிற்சித் திடலுக்கே வந்து, அவர் அணியுடன் பயணஞ் செய்யலாகாது என்று தடுத்தனர். அவர் குற்றமெதுவும் செய்தவரல்லர். யப்பானிற் பிறந்தோர் அமெரிக்கக் குடியுரிமை பெறுவதற்கும் அக்காலச் சட்டம் இடமளிக்கவில்லை.

1942 ஜனவரி முதலாந் திகதி டேர்ஹமில் மழை பெய்தது. வெற்றி டியூக்குக்கே என்பது பலரின் கணிப்பு. டொன் டேர்டன் முதலில் எல்லை கடந்து ஒரேகனை முந்தச் செய்தார். இடைவேளையின்போது இரு பக்கமும் ஏழு ஏழு புள்ளிகள். மூன்றாங் காற்பகுதியில் இரு அணியும் மீண்டும் சமமாக நின்ற வேளை, பொப் டெத்மன் எறிந்த பந்தை ஜீன் கிரே ஏந்தி ஓடினார். 68 யார் நீளமான அந்த முயற்சியே ஆட்டத்தின் முடிவைத் தீர்மானித்தது. இறுதியில் ஒரேகன் 20, டியூக் 16.

ஆட்டம் முடிந்ததும் ஆடினோர் பலரைப் போர் அழைத்துக்கொண்டது. டியூக் பயிற்றுநர் வொலஸ் வேட், ஐம்பதை அண்டிய வயதிலும் பீரங்கிப் படையிற் சேர்ந்து ஐரோப்பாவிற் பணியாற்றினார். 1944 இல் இத்தாலியப் போர்முனையில் டியூக் வீரர் சார்ள்ஸ் ஹேய்ன்ஸ் படுகாயமுற்றுக் கிடந்தபோது, அவரைக் காப்பாற்றியவர் எதிரணியில் இருந்த ஒரேகன் வீரர் பிராங் பார்க்கர். வெற்றிப் பந்தை ஏந்திய ஜீன் கிரேயின் இரு கைகளையும் போரின் பின் நிகழ்ந்த விமான விபத்தொன்று பறித்தது. இரு அணிகளையும் சேர்ந்தோருள் நால்வர் போரில் உயிர்நீத்தனர்.

யொஷிஹாராவின் கதி வேறு. 1942 பெப்ரவரி 19 இல் ஜனாதிபதி ரூஸ்வெல்ட் கைச்சாத்திட்ட ஆணையின் பேரில், யப்பானிய வமிசத்தவர் ஏறக்குறைய 120,000 பேர் மேற்குக் கரையிலிருந்து அகற்றப்பட்டு முகாம்களில் அடைக்கப்பட்டனர். அவர்களுள் மூன்றில் இரு பங்கினர் அமெரிக்கக் குடிமக்கள். வெளியேற்றக் கட்டளைகளை விடுத்தவர் ஆட்டத்தைத் தடுத்த அதே தளபதி டிவிற். யொஷிஹாராவும் ஐடஹோ மாநிலத்து மினிடோகா முகாமுக்கு அனுப்பப்பட்டார்.

ஆட்டம் அடுத்த ஆண்டே பசடினாவுக்குத் திரும்பிற்று. 2021 இல் கொள்ளைநோய்க் காலத்தில் மட்டுமே அது மீண்டும் இடம் மாறியது. மனிதருக்கு இழைத்த அநீதியைத் திருத்தவோ நெடுங்காலம் சென்றது. 1988 இல் அமெரிக்க அரசு சட்டமூலம் மன்னிப்புக் கோரி, உயிரோடிருந்தோர் ஒவ்வொருவருக்கும் 20,000 டொலர் இழப்பீடு வழங்க இணங்கிற்று. 2008 இல் ஒரேகன் மாநிலப் பல்கலைக்கழகம், படிப்பை இடைநடுவில் இழந்த தன் யப்பானிய அமெரிக்க மாணவருக்குக் கௌரவப் பட்டமளித்தது. அவர்களுள் முதியவராகிவிட்ட யொஷிஹாராவும் ஒருவர். மறு ஆண்டு அவர் காலமானார்.

ஓர் ஆட்டத்தை இடம் மாற்றுவதற்குச் சில வாரங்கள் போதுமாயின. பிறப்பை மட்டும் நோக்கி ஒரு மனிதனை ஒதுக்கிய பிழையை ஒத்துக்கொள்வதற்கு அதே நாட்டுக்கு 46 ஆண்டுகள் வேண்டியிருந்தன. இத்தாலியின் குன்றொன்றிற் பார்க்கர் ஹேய்ன்ஸைத் தூக்கியபோது, அவர் எந்த அணியைச் சேர்ந்தவர் என்று நோக்கவில்லை. ஆடுகளம் அவருக்குக் கற்பித்திருந்த அந்தப் பாடத்தை, ஆட்சிபீடத்தில் இருந்தோர் காலந்தாழ்த்தியே கற்றனர்.