அச்சு தேய்ந்த நாயகர்கள்

விருத்தாசலத்தை அடுத்த கருவேப்பிலங்குறிச்சியில் 1980-களில் சிறுவர்களாக இருந்த எங்களுக்குள் தீராத வழக்கு ஒன்று இருந்தது. இரும்புக்கை மாயாவியும் ஸ்பைடரும் நேருக்கு நேர் மோதினால் வெல்பவர் யார்? மின்சாரம் பாய்ந்ததும் உடல் மறைந்து இரும்புக்கரம் மட்டும் அந்தரத்தில் நிற்கும் மாயாவியை யாராலும் பிடிக்க முடியாது என்பது ஒரு கட்சி. கூர்ந்த காதும் வலைத் துப்பாக்கியும் கொண்ட ஸ்பைடரின் மூளைக்கு முன் எந்த மாயமும் எடுபடாது என்பது மறு கட்சி. மறைக்கல்வி வகுப்பு முடிந்து வீடு திரும்பும் வழியெல்லாம் இவ்வழக்கு நடக்கும். தீர்ப்பு மட்டும் கிடைத்ததில்லை. அவ்விருவரையும் ஒரே கதையில் சேர்த்து யாராவது எழுதமாட்டார்களா என்று நான் ஏங்கியதுண்டு.

அந்த ஏக்கம் பல ஆண்டுகள் கழித்து நிறைவேறியது. நிறைவேறிய பின்னர்தான், எதற்காக ஏங்கினோம் என்பதை எண்ணிப் பார்க்கத் தொடங்கினேன். அவ்வெண்ணங்களையே இங்கு வாசகர்களோடு பகிர்ந்துகொள்ள விழைகிறேன்.

சிவகாசி தந்த நண்பர்கள்

1970-களின் தொடக்கத்தில் சிவகாசியில் சௌந்தரபாண்டியன் தொடங்கிய முத்து காமிக்ஸின் முதல் இதழே ‘இரும்புக்கை மாயாவி’தான். 1984 ஜூலையில் அவருடைய மகன் விஜயனை ஆசிரியராகக் கொண்டு லயன் காமிக்ஸ் பிறந்தது. அதே மாதத்தில் ராணி காமிக்ஸும் ஜேம்ஸ் பாண்டின் கதையோடு ஒன்றரை ரூபாய் விலையில் வெளிவந்தது. மாயாவி முத்துவிலும், மாடஸ்டி, ஸ்பைடர், இயந்திர மனிதன் ஆர்ச்சி ஆகியோர் லயனிலும் வந்தார்கள்.

இவர்களுள் பலர் இங்கிலாந்தில் பிறந்தவர்கள். மாயாவி 1962-இல் ‘வேலியண்ட்’ வார இதழில் தோன்றினார். ஆர்ச்சி 1952-லும் ஸ்பைடர் 1965-லும் ‘லயன்’ என்னும் வார இதழில் அறிமுகமானார்கள். அவ்விதழ்கள் கதாசிரியரின் பெயரையோ ஓவியரின் பெயரையோ பொதுவாக அச்சிடுவதில்லை. ஆகவே, மாயாவியின் நிழலும் ஒளியும் நிறைந்த முகத்தை வரைந்தவர் பார்சலோனாவைச் சேர்ந்த ஹெசூஸ் பிளாஸ்கோ என்பது எங்களுக்கு அப்போது தெரியாது. ‘இயேசு’ என்னும் பெயரே ஸ்பானிய நாவில் ‘ஹெசூஸ்’ ஆகிறது என்பதை அறிந்தபோது, அந்நியராயிருந்த அவர் எனக்கு ஏதோ உறவினர்போல் ஆகிவிட்டார்.

அக்கதைகளில் இன்னொரு சிறப்பும் உண்டு. ஆய்வுக்கூட உதவியாளராகிய லூயிஸ் கிராண்டேல் கையை இழந்து இரும்புக்கரம் பெற்றபோது, முதலில் தீய வழியில்தான் சென்றார். பின்னரே மனம் மாறி நாட்டுக்கு உழைப்பவரானார். ஸ்பைடரும் குற்றவாளிகளின் அரசனாகத் தொடங்கி, நீதியின் பக்கம் வந்தவர். தீயவன் திருந்த முடியும், திருந்திய பின் பழைய நிலைக்குத் திரும்பாமலும் இருக்க முடியும் என்பதை மறையுரை கேட்கும் வயதுக்கு முன்பே எங்களுக்குச் சொன்னவை அந்தச் சாணித்தாள் புத்தகங்கள்.

கோடை மலர், தீபாவளி மலர் என்று தடித்த சிறப்பிதழ்கள் வரும்போது நாயகர்கள் பலர் ஒரே அட்டைக்குள் கூடுவார்கள். ஆனால் ஒருவர் கதைக்குள் மற்றவர் நுழையமாட்டார். ஒரே தெருவில் குடியிருக்கும் நல்ல அயலாரைப்போல் அவரவர் வீட்டில் அவரவர் இருந்தனர். ஒருவரது கதையை முடிக்க மற்றொருவரது புத்தகத்தையும் வாங்கித் தீரவேண்டும் என்னும் கட்டாயம் எங்களுக்கு இருந்ததில்லை.

சந்திப்பு சந்தையானபோது

அமெரிக்காவில் நிலைமை வேறு. அங்கே 1940-லேயே மனிதத் தீப்பந்தமும் கடல்வேந்தன் நேமரும் மோதிக்கொண்டார்கள். ஒரே நிறுவனத்தின் நாயகர்கள் ஒருவர் கதையில் மற்றவர் தலைகாட்டுவது அன்று முதல் வழக்கமாயிற்று. 1976-இல் டி.சி., மார்வல் என்னும் இரு போட்டி நிறுவனங்கள் கைகோத்து, சூப்பர்மேனையும் ஸ்பைடர்மேனையும் ஒரே பெரிய அளவுப் புத்தகத்தில் சந்திக்க வைத்தன. விலை இரண்டு டாலர். இருவரும் முதலில் மோதினர், பின்பு இணைந்து தீயவரை வென்றனர், இறுதியில் அவரவர் ஊருக்குத் திரும்பினர். வாசகர்கள் மகிழ்ந்தார்கள் என்பதை மறுப்பதற்கில்லை. நானாக இருந்தாலும் மகிழ்ந்திருப்பேன்.

ஆனால் அதற்கு முந்திய ஆண்டில் நடந்ததையும் நாம் அறிய வேண்டும். சூப்பர்மேனைப் படைத்த ஜெர்ரி சீகலும் ஜோ ஷஸ்டரும் 1938-இல் 130 டாலருக்கு அந்நாயகனின் உரிமையை எழுதிக் கொடுத்துவிட்டவர்கள். அந்நாயகன் பிறருக்குக் கோடிகளை ஈட்டித் தந்துகொண்டிருக்க, அவர்கள் வறுமையில் வாடினர். 1975-இல் சீகல் பத்திரிகைகள் வழியாகத் தம் துயரத்தை உலகறியச் செய்த பிறகே, அவ்வாண்டு டிசம்பரில், இருவருக்கும் ஆண்டுக்கு 20,000 டாலர் வழங்கவும் அவர்கள் பெயரை மீண்டும் அச்சிடவும் நிறுவனம் இசைந்தது. இதே சீகல்தான் 1960-களின் நடுவில் இங்கிலாந்து இதழுக்காக ஸ்பைடர் கதைகளை எழுதியவர். கருவேப்பிலங்குறிச்சியின் திண்ணையில் அமர்ந்து நான் வியந்து படித்த கதைகளுள் சிலவற்றுக்குப் பின்னால், தம் முதற்பிள்ளையை இழந்த அந்தத் தந்தையின் கை இருந்திருக்கிறது.

1984 மே மாத இதழ் முதல் மார்வல் ‘இரகசியப் போர்கள்’ என்னும் பன்னிரண்டு இதழ்த் தொடரை வெளியிட்டது. நாயகர்கள் அனைவரும் ஒரே களத்தில் கூடிய தொடர் அது. அதன் பிறப்புக்குக் காரணம் மேட்டல் என்னும் பொம்மை நிறுவனத்தோடு செய்துகொண்ட ஒப்பந்தம். பொம்மைகளை விற்கக் கதை வேண்டியிருந்தது. ‘போர்’, ‘இரகசியம்’ ஆகிய சொற்களுக்குச் சிறுவர்கள் மயங்குகிறார்கள் என்று கண்டறிந்தே தலைப்பும் சூட்டப்பட்டது என்பதை, அதை எழுதிய ஜிம் ஷூட்டரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். மறு ஆண்டு டி.சி. நிறுவனம் தன் உலகங்களையெல்லாம் ஒன்றாக்கும் பன்னிரண்டு இதழ்த் தொடரைக் கொண்டுவந்தது. குழம்பிக் கிடந்த கதைகளை ஒழுங்குபடுத்தும் உண்மையான நோக்கம் அதற்கு இருந்தது என்றே சொல்லலாம். ஆனால் அதன் வெற்றியிலிருந்து வணிகர்கள் கற்றுக்கொண்ட பாடம் ஒழுங்கு அன்று. ஒரு பெரிய நிகழ்ச்சியை அறிவித்தால், வழக்கமாக ஒரு புத்தகம் வாங்குகிறவன் பத்துப் புத்தகம் வாங்குவான் என்பதே அப்பாடம்.

பின்னர் நடந்தது விரைவாக நடந்தது. 1991-இல் ‘எக்ஸ்மென்’ புதிய தொடரின் முதல் இதழ் ஐந்து வகை அட்டைகளோடு வந்து எண்பது இலட்சம் பிரதிகளுக்குமேல் விற்றது. ஒரே கதையை ஐந்து முறை வாங்கியவர்களும் அக்கணக்கில் உண்டு. 1992 நவம்பரில் சூப்பர்மேன் கொல்லப்பட்டார். அவ்விதழைக் கறுப்பு உறையிலிட்டு, கையில் கட்டிக்கொள்ளத் துக்கப் பட்டையும் சேர்த்து விற்றார்கள். மறு ஆண்டிலேயே அவர் மீண்டும் வந்துவிட்டார். பின்னாளில் விலை ஏறும் என்று நம்பி உறையைப் பிரிக்காமலே பதுக்கி வைத்தவர்கள் ஏமாந்தார்கள். கடைகள் ஆயிரக்கணக்கில் மூடப்பட்டன. 1996-இல் இரு நிறுவனங்களும் மீண்டும் தம் நாயகர்களை மோதவிட்டு, யார் வெல்வது என்பதை வாசகர் வாக்குக்கே விட்டன. எங்கள் ஊர்ச் சிறுவர்களின் பழைய வழக்கு அங்கே வாக்குச்சீட்டாயிற்று! அதே ஆண்டு ஜனவரியில் சீகல் மறைந்தார். டிசம்பரில் மார்வல் நிறுவனம் கடனைத் தீர்க்க இயலாமல் நீதிமன்றத்தின் பாதுகாப்பை நாடியது.

உயிர்ப்பை நம்புகிற நமக்கு, அந்தக் கறுப்பு உறை ஒரு கேள்வியை எழுப்புகிறது. சாவு உண்மையானதாக இல்லாவிட்டால், மீண்டு வருதலும் உண்மையானதாக இராது. புனித வெள்ளியின் இருளை உணராதவனுக்குப் பாஸ்கா இரவின் ஒளி வெறும் விளக்கு அலங்காரமே. விற்பனைக்காகச் சாகடித்து விற்பனைக்காக எழுப்பினால், வாசகன் அழவும் மறந்துபோகிறான், மகிழவும் மறந்துபோகிறான்.

மாமா காட்டிய அச்சு

விருத்தாசலம் பீங்கான் தொழிலுக்குப் பேர்பெற்ற ஊர். என் மாமா அங்கே சிறிய பொம்மைக் கூடமொன்றில் வேலை செய்தார். பள்ளி விடுமுறையில் என்னை அழைத்துச் செல்வார். களிமண்ணை நீரில் கரைத்துக் குழம்பாக்கி, பிளாஸ்டர் அச்சுக்குள் ஊற்றுவார்கள். அச்சு நீரை உறிஞ்ச, மண் சுவர்போல் உட்புறத்தில் படியும். மிஞ்சிய குழம்பைக் கவிழ்த்துவிட்டு அச்சைத் திறந்தால் பொம்மை நிற்கும். ஒருமுறை, ஒரே அச்சில் வார்த்த இரு பொம்மைகளை அவர் என் கையில் கொடுத்தார். ஒன்றில் கண்ணிமையும் ஆடை மடிப்பும் தெளிவாக இருந்தன. மற்றொன்றில் முகம் மழுங்கியிருந்தது. “இது முதல் வார்ப்பு, அது கடைசி வார்ப்பு. ஊற்ற ஊற்ற அச்சு தேயும்டா. அதுக்கப்புறம் எத்தனை வண்ணம் பூசினாலும் முகம் வராது” என்றார்.

நாயகர்களின் வரலாற்றைப் படிக்கும்போதெல்லாம் அவர் சொல் என் நினைவுக்கு வருகிறது. அச்சு தேய்வது மண்ணின் குற்றம் அன்று, அச்சின் குற்றமும் அன்று. நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தாத கையின் குற்றம்.

சந்திப்பே தவறா?

அப்படியானால், கதைகள் ஒன்றையொன்று சந்திப்பதே தவறா? இல்லை. பாரதத்தில் மலரைத் தேடிச் செல்லும் வீமன் வழியில் முதிய குரங்கொன்றைக் காண்கிறான். அதன் வாலை நகர்த்த முடியாமல் தோற்ற பிறகே அது தன் அண்ணன் அனுமன் என்று அறிகிறான். இராமகாதையின் வீரன் பாரதத்துக்குள் வந்தது கூட்டம் சேர்ப்பதற்காக அன்று. வீமனின் செருக்கை உடைப்பதற்காக. அச்சந்திப்புக்குப் பின் வீமன் பழைய வீமன் அல்லன்.

நம் மறைமாவட்டத்துக்கு இன்னும் நெருக்கமான சான்று உண்டு. விருத்தாசலம் பகுதியிலுள்ள கோணாங்குப்பத்தில் பெரியநாயகி அன்னைக்கு ஆலயம் எழுப்பிய வீரமாமுனிவர், தேம்பாவணியில் புனித சூசையப்பரை வளனாக்கி, 3615 பாடல்களில் தமிழ்க் காப்பிய மரபுக்குள் குடியேற்றினார். விவிலியம் தமிழ் வீட்டுக்குள் விருந்தினராக வந்தது. வந்த வீட்டின் மொழியையும் முறையையும் கற்றுக்கொண்டே வந்தது. விருந்தினராக நுழைவது வேறு, விற்பனையாளராக நுழைவது வேறு.

எல்லாவற்றுக்கும் மேலாக, நம் வீடுகளில் டிசம்பர்தோறும் நாம் அமைக்கும் குடிலைப் பாருங்கள். இடையர்கள் லூக்கா நற்செய்தியில் வருகிறவர்கள். ஞானிகள் மத்தேயு நற்செய்தியில் வருகிறவர்கள். எந்த நற்செய்தியிலும் அவர்கள் ஒருவரையொருவர் சந்திப்பதில்லை. 1223-இல் கிரேச்சியோவில் புனித பிரான்சிஸ் அசிசியார் அமைத்த குடிலின் வழியில் வளர்ந்த மரபுதான் அவர்களை ஒரே தீவனத் தொட்டியின்முன் மண்டியிட வைத்தது. ஏழையும் அறிஞனும், அருகிருந்தவனும் தொலைவிலிருந்து வந்தவனும் ஒரே குழந்தையின்முன் சமம் என்னும் உண்மைக்காகவே அக்கூட்டம் கூடியது. யார் வலியவர் என்று அங்கே யாரும் கேட்பதில்லை.

கிடைத்த தீர்ப்பு

இனி, என் சிறுவயது வழக்குக்கு வருகிறேன். 2005-இல் ‘ஆல்பியன்’ என்னும் ஆறு இதழ்த் தொடர் அமெரிக்காவில் வெளிவரத் தொடங்கியது. கதைத்திட்டம் ஆலன் மூருடையது. அவருடைய மகள் லியாவும் மருமகன் ஜான் ரெப்பியனும் எழுதினார்கள். மாயாவி, ஸ்பைடர், ஆர்ச்சி மூவரும் அதில் ஒருங்கே வருகிறார்கள். ஆவலோடு தேடிப் படித்தேன். அங்கே என் நாயகர்கள் அரசின் இரகசியச் சிறையில், முதுமையும் கசப்பும் கொண்டு, உலகத்தால் மறக்கப்பட்டுக் கிடந்தார்கள். எனக்கு முதலில் சினமே வந்தது. பின்னர் சற்று ஆறி எண்ணியபோது, அந்த ஆசிரியர்கள் உண்மையைத்தான் எழுதியிருக்கிறார்கள் என்று தோன்றிற்று. படைத்தவரின் பெயரும் இன்றி, உரிமைப் பத்திரங்களின் பெட்டியில் பல்லாண்டு பூட்டிக் கிடந்தவர்கள்தாமே அவர்கள்!

வெல்பவர் யார் என்னும் கேள்விக்கு அங்கேயும் தீர்ப்பில்லை. எனக்கு இப்போது அது தேவையுமில்லை.

இன்று இந்த வணிகம் திரைக்குப் பெயர்ந்துவிட்டது. 2012-இல் ‘அவெஞ்சர்ஸ்’ திரைப்படம் காட்டிய வழியில், நம் தமிழ்த் திரையிலும் 2019-இல் வந்த ‘கைதி’யின் மாந்தர் 2022-இல் ‘விக்ரம்’ படத்தில் தொடர்ந்தார்கள். 2025-இல் டி.சி.யும் மார்வலும் தம் நாயகர்களை மீண்டும் சந்திக்க வைத்தன. பிள்ளைகள் ஆரவாரிக்கிறார்கள். அவர்களைக் குறைகூற எனக்குத் தகுதியில்லை, நானும் ஏங்கியவன்தான். சந்தை ஏங்காதவனிடம் எதையும் விற்பதில்லை. என்னைப் போன்றோரின் ஏக்கமே அந்த அச்சில் திரும்பத் திரும்ப ஊற்றப்பட்ட மண் என்பதை நான் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

ஆகவே பிள்ளைகளிடம் நான் இரண்டு கேள்விகளை மட்டும் கேட்கிறேன். இந்தச் சந்திப்புக்குப் பிறகு இவர்களுள் யாராவது மாறினார்களா? இவர்களைப் படைத்தவர் பெயர் உனக்குத் தெரியுமா? முதற்கேள்விக்கு அவர்கள் சற்று யோசிக்கிறார்கள். இரண்டாம் கேள்விக்கு விழிக்கிறார்கள். அப்போது அலமாரியிலிருந்து பழைய மாயாவி புத்தகமொன்றை எடுத்து, அதன் முதற்பக்கத்தில் என் கையெழுத்தில் நான் எழுதி வைத்திருக்கும் பெயரைக் காட்டுகிறேன்: ஹெசூஸ் பிளாஸ்கோ, 1919–1995.