கரிசல் சீமையின் நிருபர்கள்

விளாத்திகுளத்துக்கு மேற்கே சுமார் 20 கிலோமீட்டரில் உள்ள எட்டயபுரத்தில் சுப்பிரமணிய பாரதி பிறந்த அதே 1882-ஆம் ஆண்டில், சென்னையில் ஜி. சுப்பிரமணிய ஐயர் ‘சுதேசமித்திரன்’ என்னும் வாரப் பத்திரிகையைத் தொடங்கினார் என்பதும், பிற்பாடு நாளிதழாகிவிட்ட அந்தப் பத்திரிகையிலேயே 1904-இல் பாரதி உதவியாசிரியராகப் போய் அமர்ந்தார் என்பதும் எங்கள் பக்கத்துப் பள்ளிப் பிள்ளைகள்கூட அறிந்த விஷயம். அவ்வளவாகப் பேசப்படாதது வேறொன்று உண்டு. 1906 முதல் அவர் நடத்திய ‘இந்தியா’, எழுத்து வாசனையற்ற பாமர ஜனங்களும் தேசத்தின் போக்கை அறியும்பொருட்டுக் கேலிச் சித்திரங்களைப் பிரசுரித்த பத்திரிகை. 1908-இல் அதன் சட்டபூர்வமான ஆசிரியர் ராஜத்துரோகக் குற்றத்துக்காகச் சிறை புகவே, பாரதியும் அவரைத் தொடர்ந்து பத்திரிகையும் புதுச்சேரிக்குக் குடிபெயர, 1910-இல் அங்கும் அது நின்றுபோயிற்று. கையில் பத்திரிகை இல்லாத அந்த நாட்களில், வேவுகாரர்களால் தமக்கு நேர்ந்த உபத்திரவங்களை எல்லாம் விவரித்து, கீழே தம் பெயரையும் ஒப்பமிட்டு, சென்னையிலிருந்து வெளிவந்த ‘தி ஹிந்து’வின் ஆசிரியருக்கு அவர் கடிதங்கள் எழுதினார். ஆசிரிய பீடத்தில் இருந்தவர் ஒரு சாமானியப் பிரஜையாக வாசகர் கடிதப் பகுதியில் வந்து நின்றார் என்ற இந்த விருத்தாந்தத்தை, ‘பிரஜைகளின் பத்திரிகைத் தொழில்’ ஏதோ கைப்பேசியோடு பிறந்ததாக எண்ணுவோர் சற்றே நினைத்துப் பார்க்கலாம்.

கரிசல் கிராமங்களில் பத்திரிகை வெகுகாலம் காதால் கேட்கப்பட்ட வஸ்துவாகவே இருந்தது. சி. பா. ஆதித்தனார் 1942-இல் மதுரையில் தொடங்கிய ‘தினத்தந்தி’யும், டி. வி. ராமசுப்பையர் 1951-இல் திருவனந்தபுரத்தில் தொடங்கி 1957-இல் திருநெல்வேலிக்குக் கொண்டுவந்த ‘தினமலரு’ம் இப்பிரதேசத்துச் சிற்றூர்களை எட்டிய காலத்தில், முதல் பஸ்ஸில் வந்திறங்கிய கட்டைப் பிரித்து, டீக்கடைப் பெஞ்சில் தாள் தாளாகக் கழற்றி ஆளுக்கொன்றாய் எடுத்துக்கொண்டபின், எழுத்துக் கூட்டத் தெரிந்த ஒருவர் உரக்க வாசிக்க, மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு வந்த சம்சாரிகள் சூழ நின்று கேட்பார்கள். “கம்மாய் உடஞ்சது செவ்வாக்கெழம இல்லப்பா, திங்கக்கெழம ராத்திரியே ஒடஞ்சு போச்சு” என்று கூட்டத்தில் ஒருவர் குறுக்கிடுவார். வாசிப்பவர் நிமிர்ந்து பார்த்துவிட்டு மேலே போவார். அச்சான செய்தியைத் திருத்துகிற அந்த அதிகாரம் ஜனங்களிடம் அன்றே இருந்தது. திருத்தத்தை அச்சில் ஏற்றும் வழிதான் அவர்களுக்கு இல்லை.

செய்தியை அனுப்பிய பகுதிநேர நிருபரும் பெரும்பாலும் அந்த ஊர்க்காரர்தான். பத்திரிகை ஏஜெண்டாகவோ சிறு கடைக்காரராகவோ ஜீவனம் நடத்திக்கொண்டு, பகலில் தாலுகா ஆபீஸ், போலீஸ் ஸ்டேஷன், ஆஸ்பத்திரி என்று ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, அன்றைய சமாச்சாரத்தை வெள்ளைத் தாளில் எழுதிக் கவரில் இட்டு, மேலே பத்திரிகையின் பெயரைக் கொட்டை எழுத்தில் போட்டு, திருநெல்வேலி போகும் பஸ்ஸின் கண்டக்டர் கையில் கொடுத்தனுப்புவார் அவர். கவர் தவறினால் கம்மாய் உடைந்ததே உலகுக்குத் தெரியாது.

அந்தக் கவரில் அடங்காதவை அநேகம். மழை பொய்த்தது என்பது பத்திரிகைக்கு ஒருவரிச் செய்தி; பொய்த்த மழைக்குப்பின் ஒரு வீட்டில் அடுப்பில் என்ன ஏறியது, எந்த மாடு விலைபோயிற்று என்பதை எழுத, கோவில்பட்டிக்குத் தெற்கே இடைசெவலில் விவசாயம் பார்த்துவந்த கி. ராஜநாராயணன் வேண்டியிருந்தார். அதிகப் பள்ளிப் படிப்பில்லாத, விவசாயிகள் போராட்டங்களில் பங்கெடுத்துச் சிறையும் கண்ட அந்தச் சம்சாரியின் ‘கரிசல் காட்டுக் கடுதாசி’யை ‘ஜூனியர் விகடன்’ தொடராக வெளியிட்டது. அதை இலக்கியம் என்று ஒதுக்கி வைப்பது நமக்குச் சௌகரியமாக இருக்கிறது. தலைநகரத்துப் பத்திரிகை ஒன்று, கிராமத்து மனிதரிடம் அவர் பேசுகிற பாஷையிலேயே செய்தி கேட்டு வாங்கிப் போட்ட அபூர்வமான ஏற்பாடு என்று அதைச் சொல்வதே என் அபிப்பிராயத்தில் பொருந்தும்.

கைப்பேசி வந்தபின் கவரும் கண்டக்டரும் அவசியமற்றுப் போயினர். அதன் நன்மை தீமை இரண்டையும் 2018 மே மாதம் ஒருசேரக் காட்டிற்று. பிள்ளை பிடிக்கிறவர்கள் திரிவதாகக் கைமாறி வந்த பொய்ச் செய்திகளை நம்பி, திருவண்ணாமலைப் பக்கத்தில் குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்த ஒரு முதியவளை ஊரார் அடித்தே கொன்றது அம்மாதத்தில்தான். இரண்டு வாரத்துக்குள், 22-ஆம் தேதி, தூத்துக்குடியில் போராடியவர்கள்மீது போலீசார் தொடங்கிய, மொத்தம் 13 பேரைப் பலிகொண்ட துப்பாக்கிச் சூட்டின் காட்சிகள் நாடெங்கும் பரவியதும் அதே கைப்பேசிகளின் வழியாகத்தான். மறுநாள் அரசாங்கம் மூன்று மாவட்டங்களில் இணையத்தைத் துண்டிக்கவே, அம்மாவட்டங்களுள் ஒன்றைச் சேர்ந்த விளாத்திகுளத்துக்காரர்கள் சில தினங்களுக்குப் பழையபடி தொலைக்காட்சியையும் காலைப் பத்திரிகையையும் எதிர்பார்த்திருக்க வேண்டியதாயிற்று.

இரண்டு வருஷம் கழித்து, 2020 ஜூனில், சாத்தான்குளத்தில் போலீசார் பிடித்துச் சென்ற தந்தையும் மகனும் கோவில்பட்டிக் கிளைச் சிறைக்கு அனுப்பப்பட்டு, அடுத்தடுத்து இறந்துபோனார்கள். காவலில் நேர்ந்த அந்தக் கொடுமையை ஆங்கிலத்தில் விவரித்து ஒரு பாடகி வெளியிட்ட காணொளி தேசத்தையே உலுக்கியது. மிகையும் பொய்யும் அதில் கலந்திருப்பதாகப் புலனாய்வுத் துறையினர் ஆட்சேபிக்கவே, பின்னர் அது நீக்கப்பட்டது. ஆனால் கடைவீதிக் கண்காணிப்புக் காமிரா ஒன்றில் பேச்சின்றிப் பதிவாகியிருந்த, தந்தையும் மகனும் பிடித்துச் செல்லப்பட்ட காட்சி, அவ்விருவரும் முரண்டு பிடித்துத் தரையில் புரண்டு காயமடைந்தார்கள் என்ற போலீஸ் விவரணத்தோடு பொருந்தவில்லை. முதல் தகவல் அறிக்கையைக் காட்சியோடு ஒப்பிட்டு வெளியிட்டவர்கள் செய்தியாளர்கள். கோபம் ஜனங்களிடமிருந்து வந்தது. ஒப்பிட்டுப் பார்க்கும் வேலையைச் செய்தித் தொழில் செய்தது.

அந்த வேலையைத் தினசரி வழக்கமாக்குவது அப்படியொன்றும் அசாத்தியமில்லை. வெள்ளத்தில் அழுகிய மிளகாய்ச் செடியையும் காய்ந்து கருகிய உளுந்தையும் இன்று எந்தச் சம்சாரியும் படமெடுத்து அனுப்புகிறார். சர்வே எண்ணும் தேதியும் பெயரும் சேர்த்து அனுப்பும்படி அவரைக் கேட்டு, பயிர்க் காப்பீட்டுத் தொகை ஏன் வரவில்லை என்று தாலுகா ஆபீசில் போய் விசாரித்து, அங்கே சொன்ன பதிலையும் படத்தின் பக்கத்திலேயே பத்திரிகை அச்சிட வேண்டும். பதில் தவறானால் சம்சாரி எழுதும் மறுப்புக்கும் அதே பக்கத்தில் இடம் வேண்டும். விசாரிக்கப் போகிற ஆள், பெரும்பாலான ஊர்களில், இன்றும் அந்தப் பகுதிநேர நிருபர்தான். தீபாவளி மலருக்கு ஊர்ப் பிரமுகர்களிடம் விளம்பரம் பிடித்துக் கிடைக்கும் கமிஷனில் அவரைப் பிழைக்க விட்டுவிட்டு, அதே பிரமுகர்களைப் பற்றி அவர் துணிந்து எழுதுவார் என்று நிர்வாகங்கள் எதிர்பார்ப்பது எந்த நியாயத்தில் சேர்ந்ததென்று எனக்கு விளங்கவில்லை. முதலில் அவருக்கு ஒழுங்காக மாதச் சம்பளம் கொடுக்கட்டும்.