மோர்ஸ் பெரியவர்

நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேல் கரையிலும் கடலிலும் ஊருக்கு உழைத்து, ஓய்வு நேரங்களில் கைவினைப் பித்தர்களின் மேசையோரம் உட்கார்ந்து பொழுதைக் கழித்த, புள்ளியும் கோடுமாகச் சேதி சொல்லும் குறிமுறையான மோர்ஸ் பெரியவர், 1999 பிப்ரவரி 1-ஆம் தேதி, ஆபத்தில் இருக்கும் கப்பல்கள் செயற்கைக்கோள் வழியாகவும் தானியங்கிக் கருவிகள் வழியாகவும் உதவி கேட்கும் புதிய ஏற்பாடு முழுமையாக நடைமுறைக்கு வந்தபோது, பொதுப்பணியிலிருந்து விடைபெற்றார். அவரால் சேதி பெற்று வளர்ந்த குடும்பங்கள்தாம் நாம் எல்லோரும். பெயர் சொல்லி அழாமல் போனோமே தவிர, துக்கம் இருக்கத்தான் இருந்தது.

பிறந்தது ஓர் ஓவியர் வீட்டில். முகச்சித்திரம் வரைந்து பிழைத்த சாமுவேல் மோர்ஸ், தந்திக் கருவியின் முதல் மாதிரியை, துணியை இழுத்துக் கட்டும் ஓவியச் சட்டத்தின் மீதே, பழைய கடிகாரத்துச் சக்கரங்களையும் சேர்த்துப் பூட்டினார். கைத்திறன் மிக்க ஆல்பிரட் வெயில் துணைக்கு வந்தார். 1844 மே 24 அன்று வாஷிங்டனிலிருந்து பால்டிமோருக்கு பெரியவரின் சேதி போய்ச் சேர்ந்தது. ஆங்கிலத்தில் அடிக்கடி வரும் 'இ'க்கு ஒரே ஒரு புள்ளி, 'டி'க்கு ஒரே ஒரு கோடு என்று, அதிகம் உழைக்கும் எழுத்துக்குக் குறைந்த சுமையை வைத்த சிக்கனம் கடைசிவரை பெரியவரிடம் இருந்தது.

நம் நாட்டில் தந்திக்கு வழி வெட்டியவரும் ஓய்வு நேர வேலைக்காரர்தான். கம்பெனி அரசின் மருத்துவரும் வேதியியல் ஆசிரியருமான ஓஷானசி, 1839-இல் கல்கத்தாவில் மூங்கில் கம்பங்கள் நட்டுக் கம்பி இழுத்துச் சோதனை செய்தார். 1855 பிப்ரவரியில் பொதுமக்களுக்குத் தந்தி திறந்துவிடப்பட்டது. தொடக்கத்தில் ஓஷானசியின் சொந்தக் கருவிகள்தாம் ஓடின. சில ஆண்டுகளில் மோர்ஸ் அந்த இடத்துக்கு வந்து அமர்ந்தார். 1857 மே மாதம் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்தபோது டெல்லியிலிருந்து அம்பாலாவுக்குப் போன எச்சரிக்கைத் தந்தி வெள்ளையரைக் காத்தது என்று அவர்களே நினைவுச்சின்னம் எழுப்பியிருக்கிறார்கள். கம்பி யாருக்கு உழைத்தது என்பதை இரங்கல் எழுதும்போதும் மறைக்கத் தேவையில்லை. ரயில்களும் தந்தி நிலையங்களும் சென்னை நேரத்தைப் பின்பற்றிய அந்தக் காலத்தில், சென்னை வானாய்வு நிலையம் கணித்த நேரம் கம்பி வழியாகத்தான் தொலைவூர்களுக்குப் போனது.

ஊரில் அவருடைய சேதி வாசல் தேடி வந்த விதத்தை நாம் மறக்கவில்லை. "தந்தி" என்ற குரல் கேட்டதுமே, பிரிக்கும் முன்பே, அழுகை தொடங்கிய வீடுகள் எத்தனை. ஆங்கிலம் தெரிந்த வாத்தியாரையோ ஸ்டேஷன் மாஸ்டரையோ தேடி ஓடிப் படிக்கச் சொல்லிக் கேட்டபோது, பையனுக்கு வேலை கிடைத்த செய்தி அது என்று தெரிந்து, அழுத கண்ணோடு சிரித்த வீடுகளும் உண்டு. சொல்லுக்குச் சொல் காசு என்பதால் துயரமும் சுருங்கித்தான் வந்தது. 'ஃபாதர் சீரியஸ், ஸ்டார்ட் இமீடியட்லி' என்று வந்தால், அப்பா போய்விட்டார், பயணத்தில் மனம் உடையக் கூடாதென்று இப்படி அடித்திருக்கிறார்கள் என்பது பெறுபவருக்கும் தெரியும், அனுப்பியவருக்கும் தெரியும், விசையைத் தட்டியவருக்கும் தெரியும்.

கடலில் அவருக்கு இருந்த மரியாதை தனி. கப்பலின் வானொலி அறைச் சுவரில் ஒரு கடிகாரம் தொங்கும். அதன் முகத்தில் 15-லிருந்து 18-ஆம் நிமிடம் வரையும், 45-லிருந்து 48 வரையும் சிவப்புத் துண்டுகள் வரையப்பட்டிருக்கும். நிமிட முள் அந்தச் சிவப்பைக் கடக்கும் மூன்று நிமிடமும் 500 கிலோஹெர்ட்ஸில் யாரும் விசையைத் தொடக்கூடாது. எங்கிருந்தாவது மெலிந்த அபயக் குரல் வருகிறதா என்று எல்லாக் கடல்களிலும் உள்ள ஆபரேட்டர்கள் காதைக் கொடுத்துக் காத்திருக்க வேண்டும். சென்னைக் கரையில் 'வி.டபிள்யூ.எம்.' என்ற அழைப்புக்குறியோடு இயங்கிய நிலையமும் அந்த மௌனத்தில் பங்கு கொண்டதுதான். உலகம் முழுவதும் ஒரே நேரத்தில் பேச்சை நிறுத்திக் கேட்ட வழக்கம் அதன் பிறகு நமக்கு வாய்க்கவில்லை.

அவருடைய பெருமையும் குறையும் 1912 ஏப்ரலில் ஒரே இரவில் தெரிந்தன. டைட்டானிக்கிலிருந்து ஜாக் பிலிப்ஸ் ஓயாமல் தட்டிக்கொண்டிருந்தபோது, பக்கத்தில் நின்ற கலிபோர்னியன் கப்பலின் ஆபரேட்டர் கருவியை அணைத்துவிட்டுத் தூங்கப் போயிருந்தார். தொலைவில் இருந்த கார்பேத்தியாவின் ஆபரேட்டர் ஹரால்ட் கோட்டம் இன்னும் படுக்காமல் இருந்தார். 700 பேருக்கு மேல் உயிரோடு திரும்பியது அதனால். மோர்ஸுக்கு எப்போதும் விழித்திருக்கும் ஒரு மனிதக் காது வேண்டும். பின்னால் வந்த கருவிகள் உறங்குகிறவரையும் மணியடித்து எழுப்பும் என்பதால், அவரை ஓய்வுக்கு அனுப்பியவர்கள் மேல் நமக்குக் கோபம் வர நியாயமில்லை.

ஆனால் தட்டுகிற கை போய்விட்டதே என்பதுதான் ஆறாத வருத்தம். புள்ளியைப் போல மூன்று மடங்கு நீளம் கோட்டுக்கு, எழுத்துக்கு நடுவே மூன்று, சொல்லுக்கு நடுவே ஏழு என்று இலக்கணம் இருந்தாலும், யாரும் இயந்திரம் போல அப்படியே தட்டியதில்லை. ஒருவர் கோட்டைச் சற்று இழுப்பார், ஒருவர் இடைவெளியை விழுங்குவார். இரண்டாம் உலகப் போரில் ஒட்டுக்கேட்ட பிரிட்டிஷ் காதுகள், மறையெழுத்தின் பொருள் விளங்காதபோதும், தட்டுகிற கையை வைத்தே எதிரி ஆபரேட்டரை அடையாளம் கண்டன. காது மந்தமான எடிசன், தந்தி ஆபரேட்டராகத் தொடங்கியவர், தாம் விரும்பிய பெண்ணின் உள்ளங்கையில் தட்டித்தான் மணம் கேட்டதாக எழுதி வைத்திருக்கிறார். முதல் மனைவியின் மூத்த குழந்தைகள் இருவரையும் அவர் செல்லமாகப் புள்ளி, கோடு என்றே அழைத்தார்.

பெரியவரின் கடைசிக் காலம் நீண்டது. பெரிய ஊர்களில் டெலிபிரிண்டர் வந்து நாற்காலியைப் பிடித்துக்கொண்ட பிறகும் சிற்றூர்த் தபால் ஆபீஸ்களில் விசை ஒலித்துக்கொண்டிருந்தது. 2013 ஜூலை 14-இல் இந்தியாவின் கடைசித் தந்திக்காக மக்கள் வரிசையில் நின்றபோது சேதிகள் கணினி வழியே போய்க்கொண்டிருந்தன. வரிசையில் நின்ற பலர் அன்றுதான் முதல் தந்தி அனுப்பினார்கள். கடல் பணி முடிந்து ஐந்து ஆண்டு கழித்து, 2004-இல், மின்னஞ்சல் முகவரியில் வரும் அந்தச் சுழிக்குறிக்காக அவருடைய பட்டியலில் ஒரு புதிய குறி சேர்த்தார்கள். தம்மைப் பெயர்த்தெறிந்தவனின் கையெழுத்தை முதுமையில் கற்றுக்கொண்டார் என்றுதான் சொல்ல வேண்டும்.

பொழுதுபோக்கு மட்டும் அவரை விடவில்லை. அமெச்சூர் வானொலிக்காரர்கள் ரம்ப பிளேடையும் பித்தளைத் துண்டையும் ராவித் தாங்களே விசை செய்துகொள்கிறார்கள். இரைச்சலுக்கு நடுவே பேச்சு மூழ்கிப்போகும் இடத்திலும் மோர்ஸின் குறுகிய ஒலி கேட்கும் என்பதால், சில வாட் மின்சாரத்தில் கண்டம் தாண்டிப் பேசுகிறார்கள். 2003-இல் உலக வானொலி மாநாடு, உரிமத்துக்கு மோர்ஸ் தேர்வு கட்டாயமில்லை என்று விட்டுவிட்டது. அதன் பிறகும் கற்க வருகிறவர்கள் இருக்கிறார்கள். புள்ளி எத்தனை, கோடு எத்தனை என்று எண்ணாதே, பாட்டைப் போல முழு ஓசையாகக் கேள் என்றுதான் அவர்களுக்கும் முதல் பாடம் நடக்கிறது.