தேசப்படம் உரைக்கும் சரித்திரம்

தேசப்படம் என்பது மலையையும் ஆற்றையும் காட்டும் தாள் என்றே நம்மவரிற் பலர் எண்ணுகின்றனர். நிலம் யாருக்காக அளக்கப்பட்டது என்பதையும் அது காட்டும். அமெரிக்காவில், நெப்ராஸ்கா மாகாணத்திலுள்ள ரெட் கிளௌட் என்னும் சிற்றூரின் நிலவமைப்புப் படத்தை இதற்கு உதாரணமாகக் கொள்வோம்.

ஏறக்குறைய ஆயிரம் பேர் வாழும் விவசாய ஊர் அது. அதன் தெற்கே ரிபப்ளிகன் ஆறு நீலக் கோடாக வளைந்தோடுகிறது. மேடு பள்ளங்களின் உயரத்தைப் பழுப்புக் கோடுகள் நெளிந்து நெளிந்து காட்டுகின்றன. பாதைகளோ பெரும்பாலும் மைலுக்கு ஒன்றாக, நூல் பிடித்தாற்போல் நேரே செல்கின்றன. இதன் காரணம் யாது?

1785-ஆம் வருடத்து நிலச்சட்டமே காரணம். அதன்படி நிலம் ஆறு மைல் சதுரங்களாகவும், ஒவ்வொரு சதுரமும் 640 ஏக்கர் கொண்ட 36 பகுதிகளாகவும் அளக்கப்பட்டது. 16-ஆம் பகுதி பள்ளிக்கூட மானியமாக ஒதுக்கப்பட்டது. 1854-இல் நெப்ராஸ்கா பிரதேசம் அமைந்தபொழுது 36-ஆம் பகுதியும் அவ்வாறே ஒதுக்கப்பட்டது. 1862-ஆம் வருடச் சட்டம், குடியேறி ஐந்தாண்டு தங்கிப் பயிரிட்டவருக்கு 160 ஏக்கர் அளித்தது. ஊர் தோன்றியதோ 1871-இல். ஊர் பிறக்குமுன்பே பள்ளிக்கு நிலம் பிறந்துவிட்டது!

ஆயின், அந்நிலம் ஆளற்றுக் கிடந்ததா? 1806-இல் பைக் என்னும் இராணுவ அதிகாரி வந்தபொழுது, இவ்வூருக்குச் சில மைல் கிழக்கே, அவ்வாற்றங்கரையில் பானி மக்களின் பேரூர் இருந்தது. அவர்களில் ஒரு பிரிவாரின் பெயரே ஆற்றுக்கு வழங்கலாயிற்று. அம்மக்கள் 1870-களில் நெப்ராஸ்காவை விட்டு, இன்றைய ஒக்லஹோமாவுக்குப் பெயர நேர்ந்தது. ஊரின் பெயரோ செம்மேகம் எனப் பொருள்படும். லக்கோட்டா இனத் தலைவர் ஒருவரின் பெயர் அது. தம் மக்களின் நிலத்துக்காகப் போர்புரிந்து, 1868-இல் அரசாங்கத்தாரை உடன்படிக்கைக்கு இணங்கச் செய்தவர் அவர். 1909-இல் அவர் காலமானதோ தெற்கு டக்கோட்டாவின் பைன் ரிட்ஜ் ஒதுக்கிடத்தில்.

பூர்வகுடிகளின் பெயர்கள் படத்தில் நின்றன. அவர்களுக்கென அங்கே ஒரு சதுரமும் நிற்கவில்லை. குடியேறியவரின் பிள்ளைகளுக்கோ பெயருக்கு முன்பே இரண்டு சதுரங்கள் காத்திருந்தன.

கிராணி வேலையில் நாள்தோறும் தோட்டப் படங்களை விரித்துப் பார்க்கும் நாம் இதனை எளிதில் மறக்கவியலாது. நமது பெயரை ஒரு தெருவுக்கு இட்டால் மகிழ்ந்து அமைதியுறுகிறோம். தோழர்களே, படம் வரையப்படும் நாளிலேயே நம் பிள்ளைகளின் பள்ளிக்கு இடம் குறிக்கப்பட்டதா என்று கேட்போமாக!