பொதுக் காணி கைமாறுவதற்கு முன்னர்

பொது நிறுவனமொன்று தன்வசமுள்ள காணியை அபிவிருத்திக்கெனக் கையளிக்க முற்படும் போதெல்லாம் இரு குரல்கள் எழுவது வழமை. வேலையற்றோருக்குத் தொழில் தரும் முதலீடே முதலில் வேண்டும் என்பது ஒன்று. அந்த மண்ணைச் சூழ வாழும் மக்களுக்குப் பூங்காவும் விளையாட்டிடமும் தாங்கக்கூடிய வாடகையில் வீடும் வேண்டும் என்பது மற்றொன்று. இவ்விரண்டும் ஒன்றுக்கொன்று பகையானவை போன்று முன்வைக்கப்படுவதாலேயே பெரும்பாலான விவாதங்கள் திசைமாறிப் போகின்றன. அமெரிக்காவின் விஸ்கொன்சின் மாநிலத்திலுள்ள மில்வோக்கி நகரில் சுமார் 16 ஏக்கர் பொதுக் காணியைச் சுற்றி நிகழ்ந்தவை இவ்விடயத்தில் ஆழ்ந்து நோக்கத்தக்கவை.

அமெரிக்காவில் மாநிலத்தின் கீழ் இயங்கும் நிர்வாக அலகு கவுண்டி எனப்படுகின்றது. எமது மாவட்டத்தை ஒத்த ஓர் அலகுக்கு, எமது உள்ளூராட்சி மன்றங்களைப் போன்று மக்களால் தெரிவு செய்யப்பட்ட சபையொன்று இருப்பதாகக் கொண்டால் அதன் தன்மையை ஓரளவு விளங்கிக்கொள்ளலாம். மில்வோக்கி கவுண்டிக்கு அத்தகைய சபையும், மக்கள் வாக்கினால் தெரிவாகும் நிறைவேற்றுத் தலைவரும் உண்டு.

நகர மையத்தின் வடக்கு ஓரத்தில் பார்க் ஈஸ்ட் என்னும் உயர்மட்ட நெடுஞ்சாலை 1971ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. அதனை மிச்சிகன் ஏரிக்கரை வரை கொண்டு செல்வதற்கான திட்டம் மக்களின் எதிர்ப்பினால் கைவிடப்பட்டமையால், ஒரு மைலுக்கும் குறைவான அரைகுறைப் பாதையாகவே அது எஞ்சியது. பழுதடைந்த பாதையைப் புனரமைப்பதை விட இடித்து அகற்றுவதே செலவு குறைந்தது என அன்றைய நகர மேயர் ஜோன் நோர்குவிஸ்ட் வாதிட்டு வந்தார். 2002இல் ஆரம்பித்த இடிப்பு வேலை 2003இல் நிறைவுற்றது. நகர மையத்தை ஒட்டி இவ்வாறு வெளிப்பட்ட காணியில் சுமார் 16 ஏக்கர் கவுண்டியின் உடைமையாக இருந்தது.

இந்தக் காணியின் பெறுமதி டொலரில் மட்டும் அளவிடத்தக்கதன்று. மில்வோக்கி ஒரு காலத்தில் இயந்திரத் தொழிற்சாலைகளின் நகரம். உழவு இயந்திரங்களுக்குப் பேர்பெற்ற அலிஸ் சால்மர்ஸ் நிறுவனம் 1987இல் வங்குரோத்து நிலையை அடைந்தமை அந்தத் தொழில் யுகத்தின் வீழ்ச்சிக்கு ஓர் அடையாளமாகும். ஆலைகள் மூடப்பட்டபோது மிகக் கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்கள் நகரின் வட பகுதியில் வாழ்ந்த கறுப்பின மக்களாவர். அதற்கு முன்னரே, 1960களில், அவர்களது பிரொன்ஸ்வில் குடியிருப்பை வேறொரு நெடுஞ்சாலை ஊடறுத்துச் சிதைத்திருந்தது. பாதைகளுக்காக வீடிழந்த சமூகம், ஒரு பாதை அகற்றப்பட்ட நிலத்தில் தனக்கும் பங்குண்டா என வினவியதில் வியப்பில்லை.

அந்த வினாவைத் தொழிற்சங்கங்களும் சமய, சமூக அமைப்புகளும் ஒன்றிணைந்து எழுப்பின. நகர சபையில் அவர்களது முயற்சி கைகூடவில்லை. எனினும், 2004 டிசம்பரில் கவுண்டி சபை பார்க் ஈஸ்ட் மறுஅபிவிருத்தி உடன்பாடு என்னும் தீர்மானத்தை ஏற்றது. அன்றைய நிறைவேற்றுத் தலைவர் ஸ்கொட் வோக்கர் அதனை வீற்றோ செய்த போதும் சபை அதனை முறியடித்தது. காணியை வாங்குவோர் கட்டுமானத் தொழிலாளருக்கு அப்பிரதேசத்தில் நிலவும் நியாயமான கூலியை வழங்குதல், உள்ளூர்வாசிகளுக்குத் தொழிற்பயிற்சியும் வேலையும் அளித்தல், பின்தங்கிய நிலையிலுள்ள சிறு வர்த்தகர்களுக்கு ஒப்பந்தங்களில் இடமளித்தல், குறைந்த வருமானமுடையோருக்கான வீட்டு வசதி, சுற்றாடலைப் பேணும் கட்டட அமைப்பு ஆகியன அதன் சாராம்சமாகும். வேலையையும் வசதியையும் ஒரே பத்திரத்தில் எழுதிய முயற்சி அது.

ஆனால், எதிர்பார்த்த வேகத்தில் கட்டடங்கள் எழவில்லை. ஆண்டுகள் பல கழிந்தும் காணியின் பெரும்பகுதி புற்றரையாகவே கிடந்தது. நிபந்தனைகளே முதலீட்டாளரை விரட்டின என எதிர்த்தோர் கூறினர். ஆதரித்தோரோ 2008இன் நிதி நெருக்கடியையும் மந்தமடைந்த காணிச் சந்தையையும் சுட்டிக்காட்டினர். இரு தரப்பிலும் ஓரளவு உண்மை உண்டு என்றே நாம் கருதுகின்றோம். நிபந்தனைக்கு ஒரு விலை உண்டென்பதை மறுப்பதற்கில்லை. அதேவேளை, வங்கிகள் கடன் வழங்கத் தயங்கிய காலத்தில் நிபந்தனையற்ற காணிகளும் விலைபோகாமல் கிடந்தன என்பதை மறந்துவிடலாகாது.

இறுதியில் அந்த வெறுமையை மாற்றியது விளையாட்டு. மில்வோக்கி பக்ஸ் கூடைப்பந்து அணிக்குப் புதிய அரங்கொன்றை அமைக்க 25 கோடி டொலர் பொதுப் பணத்தை ஒதுக்கும் சட்டத்தில் 2015 ஆகஸ்டில் மாநில ஆளுநர் கைச்சாத்திட்டார். அந்த ஆளுநர் வேறு யாருமல்லர்; 2004இல் கவுண்டியின் தீர்மானத்தை வீற்றோ செய்த அதே ஸ்கொட் வோக்கரே. கூலி நிபந்தனை சந்தையில் தலையிடுவது என்றால், தனியார் அணியொன்றுக்குப் பொதுப் பணத்தில் அரங்கமைப்பது தலையிடாமை ஆகுமா? கவுண்டியின் பங்காக ஆண்டுக்கு 40 இலட்சம் டொலர் வீதம் 20 ஆண்டுகளுக்கு விதிக்கப்பட்டது. அத்துடன், அரங்கை ஒட்டிய அபிவிருத்திக்கெனச் சுமார் 10 ஏக்கர் கவுண்டிக் காணி ஒரேயொரு டொலருக்குக் கைமாறியது.

அரங்கு 2018 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. 2021 யூலையில் அணி கிண்ணத்தை வென்ற இரவில் அரங்கின் முன்றலில் பல்லாயிரக் கணக்கானோர் திரண்டனர். மக்கள் கூடி மகிழும் வெளியும் ஒரு சமூக வசதியே என்பதை ஏற்கத்தான் வேண்டும். ஆயினும், அந்த அரங்கில் உணவு பரிமாறுவோரும் துப்புரவு செய்வோரும் என்ன ஊதியம் பெறுவர் என்ற வினாவுக்கு விடை தந்தது ஒரு டொலர் விற்பனையன்று. தொழிற்சங்கங்களும் சமூக அமைப்புகளும் இணைந்த கூட்டணியொன்று 2016இல் அணி நிர்வாகத்துடன் தனியே ஓர் உடன்படிக்கையைச் செய்துகொண்டது. மணித்தியாலத்துக்கு 12.50 டொலரில் தொடங்கி 2023ஆம் ஆண்டளவில் 15 டொலராக உயரும் ஊதியமும், தொழிலாளருள் பாதிப்பேரையாவது வேலையின்மை மிகுந்த பகுதிகளிலிருந்து சேர்த்துக்கொள்வதும், தொழிற்சங்கம் அமைக்கும் உரிமைக்குக் குறுக்கே நில்லாமையும் அதில் அடங்கின. அக்காலத்தில் விஸ்கொன்சினின் சட்டபூர்வமான ஆகக்குறைந்த ஊதியம் 7.25 டொலர் மாத்திரமே என்பது கவனிக்கத்தக்கது.

இவ்வரலாற்றிலிருந்து நாம் பெறும் முதலாவது பாடம், வேலையா வசதியா என்ற வினாவே பிழையானது என்பதாகும். கட்டுப்படியாகாத கூலிக்கு நெடுந்தூரத்திலிருந்து வந்து போகும் வேலை, அயலவருக்கு நன்மையன்று. வருமானமற்றவர்கள் சூழ்ந்த பூங்காவும் நெடுநாள் பொலிவுடன் நில்லாது. எவருக்கு வேலை, எந்த ஊதியத்தில், எவருக்குத் திறந்த வெளி என்பனவே கேட்கப்பட வேண்டியவை.

இரண்டாவது, நிபந்தனைகள் சில தெளிவானவையாகவும் சந்தையின் நிலைக்கேற்ப மீளாய்வு செய்யத்தக்கவையாகவும் இருத்தல் வேண்டும். நீண்ட பட்டியலொன்றை எழுதிவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருப்பதால் வேலையும் கிட்டுவதில்லை, பூங்காவும் கிட்டுவதில்லை. மூன்றாவது, காணி கையிலிருக்கும் வரையில்தான் பொது நிறுவனத்துக்குப் பேரம் பேசும் வலு உண்டு. உறுதி எழுதிக் கொடுத்த பின்னர் எஞ்சுவது வேண்டுகோள் மாத்திரமே. மில்வோக்கியின் தொழிலாளர் தமக்குரியதைப் பின்னரும் பெற்றார்கள் எனின், அது அவர்கள் பல ஆண்டுகளாக அமைப்பு ரீதியாகத் திரண்டு நின்றமையின் பயனாகும். அத்தகைய அமைப்பு இல்லாத ஊர்களில் அந்த வாய்ப்பும் இராது.

மாநகர சபைகளும் பிரதேச சபைகளும் சந்தைக் கட்டடங்களையும் மைதானங்களையும் வெற்றுக் காணிகளையும் வைத்திருக்கும் எமது நாட்டில் வாழ்வோருக்கும் இது அந்நியமான கதையன்று. பொதுக் காணி ஒன்று கைமாறும் செய்தி வரும்போது, எத்தனை பேருக்கு வேலை என்ற அறிவிப்போடு நின்றுவிடாமல், அந்த வாக்குறுதி எங்கே எழுதப்பட்டுள்ளது, அதனைக் கண்காணிப்பவர் யார், மீறினால் காணி மீளுமா என்று கேட்பது குடிமக்களின் கடமையாகும். அக்கேள்விகளுக்குரிய வேளை அடிக்கல் நாட்டும் நாளன்று. கையொப்பத்துக்கு முந்திய நாளே ஆகும்.